எண்களைப் பாட்டாக்கும் பெட்டியைத் தேர்ந்து தந்தவர்

செய்தி வந்தபோது நான் தொலைபேசியில் ஒரு தகட்டு வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் நடராஜன் குடையில்லாமல் மழையில் ஓடிவந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "போனை வைங்க சார்" என்றார். நடராஜன் யாரையும் அதட்டிப் பேசுகிறவர் அல்லர். வைத்துவிட்டேன்.

"கோதண்டம்ணன் போயிட்டாரு சார்."

"எங்கே போயிட்டாரு?" என்று கேட்டேன். ஷிப்ட் முடிய நேரமிருக்கிறதே, அதற்குள் எங்கே கிளம்பினார் என்று எரிச்சல்கூட வந்தது.

"சார், காயில் லாரி ரிவர்ஸ் வந்துகினு இருந்துச்சு. பிரஸ் ஷாப் வாசல்ல. அப்பிடியே சக்கரத்துக்குள்ள..." தகட்டுச் சுருள் ஏற்றிவரும் அந்த லாரியை வரவழைத்ததே என் பர்ச்சேஸ் பிரிவுதான். நான் செருப்பை மாட்டாமல் ஓடினேன்.

பிரஸ் ஷாப்பில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியிருந்தார்கள். பட்டப்பகலில் அந்த இடம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை. வாசலில் அவரைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஓரமாக ஒரு செருப்பு கிடந்தது. லாரியின் படியில் டிரைவர் பாண்டி உட்கார்ந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்து ஆள், லாரிக் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"ஆரன் அடிச்சேண்ணே. அமுக்கிக்கிட்டேதான் வந்தேன். அவுக ஆரனைக் கேட்டாக. ஆனா லாரி இந்தப் பக்கம் வருது, அவுக அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாக. அப்படியே பின்னாடி ஒரு எட்டு வச்சாக..."

யாரோ அவர் கன்னத்தில் அறைந்தார்கள். "பொய் சொல்றான். கோதண்டம்ணனுக்கா ஹாரன் எந்தப் பக்கம்னு தெரியாது? அவரு காது இன்னா காதுன்னு தெரியுமாடா உனக்கு?" அந்தக் கேள்வி அன்று சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. நானும் அதைக் கேட்டுத் தலையாட்டினேன்.

எங்கள் மனமகிழ் மன்றத்தின் மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் லேசில் யாரையும் புகழ்கிறவன் அல்லன். பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவன் ஒன்றைப் புகழ்ந்தால் அன்றைக்கே அதன் விலை ஏறிவிடும். ஆனாலும் கோதண்டம் அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் மறுக்க வாய் வரவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரியும். மறுபாதி, போன வாரம்வரை எங்களில் யாருக்கும் தெரியாது.

திரு. கோதண்டம் அவர்கள் சேரப்பணஞ்சேரிக்காரர். நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பம். எங்கள் தொழிற்சாலை ஒரு கூரையும் இரண்டு இயந்திரங்களுமாக இருந்த காலத்திலேயே ஹெல்பராகச் சேர்ந்து, பிரஸ் ஷாப் போர்மேன் வரைக்கும் வந்தவர். லாரிகளுக்கான கதவுகளையும் அடித்தகடுகளையும் அங்கே அழுத்தி வளைக்கிறோம். மேலே ஒரு பெரிய இரும்பு அச்சு, கீழே ஒன்று, நடுவில் தகடு. மேலச்சு இறங்கினால் தரை அதிரும். அந்த அச்சுக்குத்தான் டை என்று பெயர். ஒரு டை உடைந்தால் மாதக்கணக்கில் வேலை கெடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் என் மேசைக்கு வந்து நின்றார். நல்ல கறுப்பு, முன்வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுண்ணாம்புக் கட்டி.

"சார், நீங்க வாங்கினு வந்த தகடு அழுதுகினு கீது. வந்து கேளுங்க."

வாய்க்கொழுப்பு பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டு போனேன். எனக்கு தடால் தடால் என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் கண்ணை மூடி நின்று, சட்டென்று கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். டையைக் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் மெல்லியதாக ஒரு விரிசல். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அச்சு பிளந்து யார் மேலாவது தெறித்திருக்கும். அழுதது தகடு இல்லை, டைதான் என்று அவரே திருத்திச் சொன்னார். எப்படியோ நான் வாங்கிய தகடு தப்பித்தது.

அன்று முதல் அவர் காதுக்கு ஒரு கிரீடமே சூட்டிவிட்டோம். காதில் வைத்துக்கொள்ள நிர்வாகம் பஞ்சு கொடுத்ததுண்டு. அதைப் பிரஸ் ஷாப்பில் ஒருவரும் தொடமாட்டார்கள். "காதை அடைச்சிகினா டை இன்னா சொல்லுதுன்னு எப்பிடி தெரியும்?" என்பது கோதண்டம் அவர்களின் வாக்கு. அவரே வைக்காதபோது வேறு யார் வைப்பார்கள்? புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே பஞ்சைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பிரஸ் ஷாப்காரன் ஆகிவிட்டதாக மார்தட்டிக்கொள்வார்கள். அதை வீரம் என்றே நாங்களும் நினைத்தோம்.

இந்த வருஷம், 1991இல், சித்திரை கழிந்ததும் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சி.டி. பிளேயர் கொண்டுவந்தார். குன்றத்தூரில் எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் அது கிடையாது. நானும் கொஞ்ச நாள் தரையில் கால்படாமல்தான் நடந்தேன். ஆனால் கேட்கக் கேட்க ஒரு குறை. ஆம்ப்ளிபயர் நல்லது, ஸ்பீக்கர் நல்லது. இருந்தும் நாகஸ்வரம் தகரத்தில் செய்த நாகஸ்வரம்போலக் கேட்டது. மைத்துனரிடம் சொன்னேன். அவர் விளக்கினார். அந்த வெள்ளித் தட்டில் பாட்டே கிடையாதாம், வெறும் எண்கள்தானாம். எண்களை மறுபடி பாட்டாக மாற்றும் பாகம் பிளேயருக்குள்ளேயே சின்னதாக ஒன்று இருக்கிறதாம். அதே வேலைக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கி, பிளேயரின் பின்னால் உள்ள துளையில் செருகினால் சத்தம் சரியாகுமாம். அதற்கு டி.ஏ.சி. என்று பெயர்.

கம்பெனி பஸ்ஸில் இதைக் கோதண்டம் அவர்களிடம் சொன்னேன். என் வீட்டுக்கு வருவதாக இருந்தால் அவர் குன்றத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொள்வார். இடப்பக்கத்து ஜன்னலோர சீட் அவருக்கு. யார் முந்திப் போய் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார். காற்றுப் பைத்தியம் என்று கேலி செய்வோம்.

நான் சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "நம்ம டைம் ஆபீஸ்ல ஆளை நம்பராக்கறாங்க. இது நம்பரைத் திரும்ப ஆளாக்குது. நல்ல பெட்டிதான் சார், வாங்குங்க" என்றார். பின் சீட்டில் இருந்த நடராஜன், "எங்க பொழப்புல மண்ணைப் போடாதீங்கண்ணே" என்றார்.

மூன்று கொட்டேஷன் வாங்காமல் மூக்குப்பொடிகூட வாங்காதவன் நான். ஆனால் இதற்கு இரண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. மைத்துனரின் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வெள்ளி நிறப் பெட்டி ஒன்று. பளபளவென்று, முகப்பில் பச்சை விளக்கெல்லாம் வைத்து, மாப்பிள்ளைபோல இருந்தது. மற்றது ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் தானே கூட்டிச் சேர்த்த கறுப்புப் பெட்டி. பேர் கிடையாது, விளக்குக் கிடையாது, மூடியில் ஒரு திருகாணிகூடக் காணோம். நண்பர் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. காதுக்குப் பேர்போனவரைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவது?

"நான் எதுக்கு சார்? எனக்கு இன்னா தெரியும்?" என்று அவர் தட்டிக் கழித்தார். நாங்கள் விடவில்லை.

ஆடி மாதத்து ஞாயிறு. மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. அவர் மனைவி அலமேலு அம்மாவோடு வந்தார். நடராஜனும் வந்தார். என் மனைவி சுகந்தி மொச்சைக்காயை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டே, "ரெண்டு பெட்டியும் வேண்டாம்னு சொல்லிடுங்க அண்ணா, புண்ணியமாப் போகும்" என்றாள்.

அவர் நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேராகப் போடவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, வலது தோளை ஸ்பீக்கருக்குக் காட்டி, தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்தார். நான் நடராஜனைப் பார்த்தேன். நடராஜன் என்னைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்போலிருக்கிறது என்று நாங்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். சுகந்தி எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன எல்லாரும் சுவத்தோட கோவிச்சுக்கிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். நாங்கள் அசையவில்லை. அலமேலு அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதலில் வெள்ளிப் பெட்டி. மைத்துனர் வாங்கிவந்த தட்டு ஒன்றில் ரயில் ஓடும் சத்தம் இருந்தது. இடது ஸ்பீக்கரில் புறப்பட்டு வலது ஸ்பீக்கருக்குப் போகும். எங்கள் தலைகளும் அதோடு திரும்பின. கோதண்டம் அவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரயில் எப்படிப் போச்சு பாத்தீங்களா?" என்றேன்.

"நீங்க போனதைப் பாத்தேன் சார்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு கறுப்புப் பெட்டி. அது கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தது. நான் வெள்ளிதான் என்று முடிவுகட்டப் போனேன். சுகந்தி விடவில்லை. "அது சத்தமாக் கத்துது, அதான் நல்லாருக்கற மாதிரி இருக்கு. ரெண்டையும் ஒரே அளவுக்கு வச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். நியாயமான பேச்சு. அவள் பேச்சு நியாயமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் வைத்தேன்.

அப்போதுதான் கோதண்டம் அவர்கள் எழுந்தார். இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் சுகந்தியின் பழைய புடவை ஒன்றைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். "எந்தப் பெட்டின்னு தெரிஞ்சா கண்ணுதான் கேக்கும். நீங்க கேளுங்க, நான் மாத்தி மாத்திப் போடறேன்" என்று புடவைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மிருதங்கம், நாகஸ்வரம், மறுபடி மிருதங்கம் என்று வயரை மாற்றி மாற்றிச் செருகினார். புடவையின் ஓரத்தில் அவர் முகம் மட்டும் தெரியும். ஒருமுறைகூட அவர் ஸ்பீக்கர் பக்கம் பார்க்கவில்லை. மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. அதற்கும் அவர் சலிக்கவில்லை.

கடைசியில் புடவையை விலக்கிவிட்டுக் கறுப்புப் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"இதான் சார்."

"என்ன வித்தியாசம்? சொல்லுங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். ஆனா உங்க மூஞ்சில ரெண்டும் ஒண்ணு இல்ல. வெள்ளி பாடும்போது, மூச்சு கேட்டியா, விரல் கேட்டியான்னு பேசிகினே இருந்தீங்க. கறுப்பு பாடும்போது ஒருத்தரும் வாயைத் தொறக்கல. தங்கச்சி மொச்சைய உரிக்கறதை விட்டுட்டாங்க. நடராஜன் பஸ்ஸை மறந்துட்டான். பாட்டு கேக்கத்தானே சார் பெட்டி, பேசவா?"

என்ன அடக்கம் பாருங்கள் என்று நாங்கள் வியந்தோம். தனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று ஒரு மனிதர் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் அதை நம்பவில்லை.

கறுப்புப் பெட்டியை வாங்கினேன். மறுநாள் டீ நேரத்தில் தொழிற்சாலை முழுவதும் கதை சொன்னேன். புடவைக்குப் பின்னால் மறைத்து வைத்த இரண்டு பெட்டிகளில் நல்லதைக் காதாலேயே பிடித்துவிட்டார் என்றேன். கதை கை மாறி ஊதிப் பெருத்தது. "நமக்கு இவர் ஒருத்தர் போதும்" என்று மேனேஜரே சொன்னதாகக் கேள்வி. கோதண்டம் அவர்களைக் கேட்டால், "சாருக்கு வேற வேலை இல்ல" என்று நகர்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் வழக்கமாயிற்று. எல்லோரும் தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்போம். அதை ஒரு கலையென்றே பழகிவிட்டோம்.

பிறகு ஐப்பசி மழை வந்தது. லாரி வந்தது.

அடக்கம் முடிந்த பிறகும் யாருக்கும் மனம் ஆறவில்லை. துக்கம் முழுவதும் கோபமாக மாறி பாண்டியின் மேல் விழுந்தது. போலீஸ் அவரைக் கொண்டுபோய் வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டிருந்தது. ஹாரன் அடித்தாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருந்தது. மழையும் இயந்திரங்களுமாக இருந்த நேரம். கேட்டதாகத் துணிந்து சொல்ல ஒருவரும் இல்லை. அடிக்கவில்லை என்று சொல்லப் பிரஸ் ஷாப்பே தயாராக இருந்தது. அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி கோதண்டம் அவர்களின் காதுதான். பாண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு நாதியில்லை. லாரிக் கம்பெனியும் அவரைக் கைகழுவிவிட்டது.

இரங்கல் கூட்டத்தைக் கேண்டீனில் வைத்தார்கள். படத்துக்கு மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. அலமேலு அம்மா தம் தம்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சங்கச் செயலாளர் எழுந்து பேசினார். நல்ல பேச்சாளர். என் கதையைத்தான் எடுத்துக்கொண்டார்.

"தோழர்களே, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இருக்கற மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிச்ச காது அது! நம்ம பர்ச்சேஸ் சார் வீட்டுல நடந்தது, அவரே இங்க இருக்காரு. அந்தக் காதுக்கு ஒரு லாரி ஹாரன் எந்தப் பக்கம்னு தெரியாமப் போகுமா? ஹாரன் அடிக்கவேயில்லை. அந்த டிரைவருக்குக் கடுமையான தண்டனை கிடைக்கணும்னு இந்தக் கூட்டம் தீர்மானம் போடணும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து ஆமாம் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சொல்லத்தான் எழுந்தேன். எனக்கு முன்னால் அலமேலு அம்மா எழுந்துவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரைப் பத்தி இவ்ளோ பெருமையா பேசினீங்க. நல்லா இருங்க. ஆனா அவருக்கு எடது காது கேக்காது."

செயலாளர் கையில் இருந்த மைக்கைத் தாழ்த்தினார். "இன்னாம்மா சொல்றீங்க?"

"சுத்தமா கேக்காது. முன்ன நல்லாத்தான் கேட்டுச்சி, பிரஸ் சத்தத்துலயே போயிடுச்சி, பல வருசமாச்சி. இந்தக் காதும் அரைகொறதான். சத்தம் வந்தா எங்கருந்து வருதுன்னு அவருக்குத் தெரியாது. முன்வாசல்ல யாராவது கூப்ட்டா பின்வாசலுக்குப் போய்ப் பாப்பாரு. நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பாரு."

அவர்களுடைய தம்பி சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவர்கள் கையை விடுவித்துக்கொண்டார்கள்.

"வெளிய சொல்லாதன்னாரு. சொன்னா பிரஸ் ஷாப்லருந்து தூக்கி கேட்டாண்ட ஒக்கார வச்சிடுவாங்கன்னாரு. இங்க டாக்டரு காதாண்ட வாட்சை வச்சி கேக்குதான்னு கேப்பாராம். இவரு தலைய ஆட்டிட்டு வந்துடுவாராம். வூட்டுக்கு வந்து, இந்த வருசமும் தப்பிச்சேன் அலமேலுன்னுவாரு." மூச்சு வாங்கிக்கொண்டார்கள். "அந்தப் புள்ள ஹாரன் அடிச்சேன்னு சொல்லுது. இவரு அந்தப் பக்கம் பாத்தாருன்னு சொல்லுது. அதைக் கேட்ட அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிபோச்சி. அது பொய் சொல்லல. ஹாரன் அடிச்சிருக்கும். இவரும் கேட்டிருப்பாரு. தப்பான பக்கம் பாத்திருப்பாரு. என் புருசன் காதைச் சொல்லி இன்னொரு வூட்டைக் கெடுக்காதீங்க. அவ்ளோதான்."

அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார வேண்டும் என்றே தோன்றவில்லை. இடப்பக்கத்து ஜன்னலோர சீட் காற்றுக்காக அல்ல. பக்கத்தில் உட்காருகிறவன் வலது காதுக்கு வரவேண்டும் என்பதற்காக. பக்கவாட்டில் போட்ட நாற்காலி கலை அல்ல. ஒரு காது போன மனிதர், இருந்த அரைக் காதை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு காதும் நன்றாக இருந்த நாங்கள் அவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டுப் பரவசப்பட்டோம். என் வாழ்நாளில் இப்படி ஓர் அடியை நான் வாங்கியதில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். அவர் எங்களை ஏமாற்றவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி நல்ல பெட்டிதான். நாங்கள் காதால் கேட்டதை அவர் எங்கள் முகத்தில் படித்துத் திருப்பிச் சொன்னார். அதை அவர் காதின் பெருமையாக மாற்றியது நாங்கள்தான்.

தீர்மானம் போடப்படவில்லை. கூட்டம் கலைந்தபோது பாண்டி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். படத்துக்கு ஒரு பூ போடவேண்டும் என்று வந்தாராம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அலமேலு அம்மா நேராக அவரிடம் போனார்கள். யார் என்று தெரிந்ததும் அவர் இரண்டு எட்டு பின்வாங்கினார்.

"அம்மா, நான் ஆரன் அடிச்சேம்மா."

"அடிச்சப்பா. எனக்குத் தெரியும்."

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அறைந்தபோதும், போலீஸ் இழுத்துப்போனபோதும் அழாதவர் அப்போதுதான் அழுதார். அலமேலு அம்மா அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். மறுநாள் காலையில் ஸ்ரீபெரும்புதூர் போலீஸ் நிலையத்துக்குப் போய் இதையே சொன்னார்கள். நானும் நடராஜனும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னார்கள். பாண்டியின் மேல் இருந்த பிடி தளர்ந்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள்.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று அவர்களிடமே கேட்டேன். சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். "எழுதுங்க சார்" என்றார்கள். "மறைச்சி மறைச்சித்தானே இப்பிடிப் போனாரு."

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கம்பெனி டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. நேற்று பிரஸ் ஷாப் ஆட்கள் அத்தனை பேரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார். இந்தத் தடவை வாட்ச் இல்லை. ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். டாக்டர் பின்னால் தள்ளி நின்று, ஒரு பக்கமிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட பக்கம் திரும்ப வேண்டும்.

முதலில் போனவர் சரியாகத் திரும்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். சிரித்தார்கள். அதற்கடுத்தவரும் எதிர்ப்பக்கம் திரும்பினார். அவருக்கு அடுத்தவரும். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பழைய ஆபரேட்டர் தேவராஜின் முறை வந்தது. டாக்டர் இடப்பக்கமிருந்து கூப்பிட்டார். வலப்பக்கம் போய்க் கூப்பிட்டார். கொஞ்சம் உரக்கவும் கூப்பிட்டார். தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு, டாக்டர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

கோதண்டம் அவர்களே, நீங்கள் சொன்ன உண்மையைக்கூட நாங்கள் சிரித்துக்கொண்டு கேட்டோம். இனி சிரிக்க மாட்டோம். உங்கள் வலப்பக்கம் வந்து நின்றுதான் இதைச் சொல்கிறேன், கேட்கிறதா? போய் வாருங்கள்.